கோபிக்குப் பறந்த இரண்டு வண்டிகள்

ஒண்டிப்புதூரில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் ஒரே வாசலில் இரண்டு டாக்ஸிகள் நிற்பதைப் பார்க்கலாம். பெரிய பழைய வண்டி சாமுவேலுடையது. அதை ஒட்டி நிற்கும் சின்ன வெள்ளைக் கார் அவன் மனைவி பொற்கொடியுடையது. இரண்டுக்கும் மஞ்சள் போர்டுதான். ஆனாலும் இருவரும் செய்வது ஒரே வேலை என்று யாராவது சொல்லிவிட்டால் இருவருக்குமே பொறுக்காது.

சாமுவேல் ஸ்டாண்டு டிரைவர். விடியற்காலையில் போய் வண்டியை வரிசையில் போட்டால், தன் முறை வரும்வரை டீ, பேப்பர், அரட்டை. முறை வந்துவிட்டால் ஊட்டியோ பழனியோ குருவாயூரோ, ஆளைப் பார்த்து, பேசி, வாடகை. பொற்கொடி ஆப்பில் ஓட்டுகிறாள். போன் கூப்பிட்ட இடத்துக்குப் போவாள், போன் சொன்ன இடத்தில் இறக்குவாள், இறக்கி முடிப்பதற்குள் அடுத்த சவாரிக்குப் போன் கூப்பிடும்.

"நீ போனுக்கு வேலை செய்யற. நான் எனக்கு வேலை செய்யறேன்" என்பான் சாமுவேல், தினமும் காலையில், சட்டை பட்டனைப் போட்டபடி.

"நீங்க எங்கீங்க வேலை செய்யறீங்க? மரத்தடில உக்காந்து ஊர்க்கதை பேசறீங்க. நான் நாலு சவாரி முடிக்கறப்ப உங்க வண்டி வரிசைல நாலடி நகர்ந்திருக்கும்."

"நாலடி நகர்ந்தாலும் என்ற வண்டி. எவனும் எனக்கு ஸ்டார் போட்டு மார்க் குடுக்கறதில்ல. எவனும் நடுவுல பங்கு எடுத்துக்கறதில்ல."

"உங்களுக்கு மார்க் குடுத்தா பெயில்தானுங்க."

இது சண்டை இல்லை. இருவருக்கும் இதில் ஒரு ருசி இருந்தது. ஆனால் பொற்கொடிக்கு உள்ளே ஒரு முள்ளும் இருந்தது. லைசென்ஸ் எடுத்த புதிதில் அவள் சாமுவேலின் ஸ்டாண்டிலேயே சேரக் கேட்டிருந்தாள். சங்கத்து ஆட்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். "தப்பா நெனைக்காதீங்க அம்மணி, இங்க ஆம்பளைங்க ஒரு மாதிரி பேசிட்டிருப்போம், பாத்ரூம் வசதியும் கெடையாது, லேடீஸுக்குச் சரிப்படாதுங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். சாமுவேல் அன்று வாயைத் திறக்கவில்லை. மறுவாரமே அவள் ஆப்பில் சேர்ந்துவிட்டாள். அது அவளிடம் லைசென்ஸும் வண்டிப் பேப்பரும் மட்டும்தான் கேட்டது. முதல் சவாரிக்குப் போன் கூவியபோது வந்த சந்தோஷத்தை அவள் இன்னும் மறக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஏர்போர்ட்டிலிருந்து ஒருவரைக் கருமத்தம்பட்டியில் கொண்டுபோய் இறக்கினாள் பொற்கொடி. தறிகள் ஓடும் சத்தம் தெருவெல்லாம் கேட்டது. அவிநாசி ரோட்டுக்குத் திரும்பியபோது ஓரத்தில் ஒரு வேன் முகப்பைத் திறந்தபடி நின்றிருந்தது. அதைச் சுற்றி நீல நிற ஜெர்சியில் பத்து இளம் பெண்கள். ஒருத்தி போனைக் காதில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். ஒருத்தி வேன் டயரைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தாள். நடுவில், சேலைக்கு மேல் விளையாட்டு ஜாக்கெட் போட்ட ஒரு அம்மாள் ரோட்டில் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பொற்கொடி நிறுத்தினாள்.

"ஏனுங்க அம்மணி, கோபி வருவீங்களா?" அந்த அம்மாள் ஜன்னலுக்குள் தலையை நுழைத்தாள். பெயர் மாசாணியம்மாள். வால்பாறையில் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். வேலை முடிந்ததும் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுப் பெண்களுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பவளும் அவள்தான். கோபிசெட்டிபாளையத்தில் பெண்கள் கபடிப் போட்டி. இருட்டோடு மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார்கள். இங்கே வந்து வேனின் கிளட்ச் போய்விட்டது. பதினோரு மணிக்குள் களத்தில் ஆஜராகாவிட்டால் எதிர் டீமுக்கு வெற்றி கொடுத்துவிடுவார்கள்.

"ஆப்புல போட்டுப் பாத்தீங்களா?"

போனோடு நடந்துகொண்டிருந்தவள் திரும்பினாள். அவள்தான் கேப்டன் யுவஸ்ரீ. "மூணு தடவை புக் ஆச்சுங்க அக்கா. மூணு பேரும் போன் பண்ணி, கோபியான்னு கேட்டாங்க. ஆமான்னதும் கேன்சல் பண்ணிப்போட்டாங்க."

பொற்கொடிக்கு அந்த டிரைவர்கள் மேல் கோபம் வரவில்லை. கோபியில் இறக்கிவிட்டால் திரும்பி வர சவாரி கிடைக்காது, காலியாக வரவேண்டும். அவளே எத்தனை முறை அப்படிக் கேன்சல் செய்திருக்கிறாள்! ஆனால் அப்போதெல்லாம் ரத்து செய்தது திரையில் தெரிந்த ஒரு ஊர்ப் பெயரை. இப்போது பத்து முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றன.

அந்த நேரம் பார்த்து அவள் போன் கூவியது. கருமத்தம்பட்டியிலிருந்தே ஏர்போர்ட்டுக்கு ஒரு சவாரி! காலி வண்டியாகத் திரும்ப வேண்டியதில்லை, அந்த வாரத்துப் போனஸும் இதோடு நிறைந்துவிடும். திரையில் வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. தொட்டால் போதும்.

யுவஸ்ரீயும் அந்தத் திரையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வட்டம் மறைந்தது. பொற்கொடி ஆப்பை அணைத்தாள். "ஏறுங்க! நாலு பேர் இதுல ஏறுங்க! மீதிப் பேருக்கு இன்னொரு வண்டி வருது!"

"எங்கிருந்துங்க வருது?" என்றாள் மாசாணியம்மாள்.

அது பொற்கொடிக்கும் சரியாகத் தெரியாது. சாமுவேல் அதிகாலையில் திருப்பூருக்கு ஒரு பனியன் கம்பெனிக்காரரை ஏற்றிப் போயிருந்தான். இந்நேரம் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். போட்டாள் போனை.

"எங்கீங்க இருக்கீங்க?"

"அவிநாசி தாண்டி வந்துட்டிருக்கேன். காலி வண்டி. ஏன், என்ன ஆச்சு? வண்டிய எங்காச்சும் இடிச்சுப்போட்டயா?"

"இடிக்கலைங்க. கருமத்தம்பட்டிக்கு வெசையா வாங்க. ஏழு பேர் கோபி போகோணும்."

மறுமுனையில் சிரிப்பு. "ஏன், உன்ற ஆப்பு என்னாச்சு? அதுகிட்ட கேக்கறதுதானே?"

"ஆப்பு கைவிட்டிருச்சு! போதுமா? சொல்லிட்டேன்! இப்ப வாங்க!"

"இதா வாரேன்!" என்றான் சாமுவேல். அந்தக் குரலில் இருந்த உற்சாகத்தைக் கேட்டு பொற்கொடிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சொன்னபடியே வந்தான். எதிர்ப்பக்கத்தில் பாலத்தடியில் சுற்றித் திரும்பி, ஹாரனை அடித்துக்கொண்டே வந்து நின்றான். பெண்கள் பைகளை வீசி ஏறினார்கள். மாசாணியம்மாள் மட்டும் ஏறாமல் நின்றாள்.

"வாடகை எவ்வளவுங்க?"

"அதெல்லாம் போய்ச் சேர்ந்தப்பறம் பேசிக்கலாங்க. பாத்துக் குடுங்க" என்றான் சாமுவேல், ஸ்டாண்டு வழக்கப்படி.

"அதென்னங்க பாத்துக் குடுக்கறது?" பொற்கொடி ஜன்னல் வழியே கத்தினாள். "அவங்களுக்கு எவ்வளவுன்னு தெரிய வேண்டாமா? அக்கா, கிலோமீட்டருக்கு இவ்வளவு, ரெண்டு வண்டிக்கும் ஒரே ரேட்டு. எச்சா ஒண்ணும் கெடையாது." ஒரு தொகையைச் சொன்னாள்.

மாசாணியம்மாள் முகம் தெளிந்தது. "அது சரிங்க" என்று பெரிய வண்டியின் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். சாமுவேல் கியரைப் போட்டான்.

இரண்டு வண்டிகளும் கிளம்பின. பொற்கொடி முன்னால், சாமுவேல் பின்னால். அவள் வண்டியில் இருந்த நாலு பேரும் மடியில் கையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவிநாசி வந்ததும் மேப் சேவூர், நம்பியூர் வழியாகப் போகச் சொன்னது. நீலக் கோடு நேராக ஓடியது. திரும்பப்போன நேரத்தில் டிரைவர்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. பொற்கொடி முகம் பார்த்திராத ஏதோ ஒரு ஆப் டிரைவர்.

"நண்பர்களே, நம்பியூர் ரோட்டுல தேங்கா லாரி குறுக்கால கவுந்து கெடக்குது. ஆளுக்கு ஒண்ணும் ஆகலை. ரெண்டு பக்கமும் வண்டி நகரலை. யாரும் இப்படி வராதீங்க."

மேப்பில் இன்னும் நீலக் கோடுதான் தெரிந்தது. பொற்கொடி ஓரங்கட்டினாள். சாமுவேல் பக்கத்தில் வந்து நிறுத்தினான். இரண்டு ஜன்னலுக்கும் நடுவே பேச்சு பறந்தது.

"நம்பியூர் வழி அடைச்சுக் கெடக்குதுங்க! லாரி கவுந்திருச்சாம்!"

"யார் சொன்னது?"

"எங்க குரூப்புல ஒருத்தர்!"

"ஆளைத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா பொய் சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகுது?"

சாமுவேல் ஒரு கணம் யோசித்தான். "பெருமாநல்லூர் போய்க் குன்னத்தூர் வழியா ஏறிக்கலாம். போன மாசம் ஒரு கல்யாண பார்ட்டியக் கூட்டிட்டுப் போனேன். ரோடு நல்லாருக்கும். கொஞ்சம் சுத்து. என்ற பின்னாலயே வா!"

இப்போது சாமுவேல் முன்னால். பெரிய வண்டி அத்தனை வேகமாகப் போகும் என்று பொற்கொடிக்கே தெரியாது. பெருமாநல்லூரைத் தாண்டி, பனைமரங்களும் சோளக்காடுகளும் பின்னால் ஓட, அவள் விடாமல் பிடித்துக்கொண்டு போனாள். பின்சீட்டுப் பெண்களுக்குப் பயம் தெளிந்துவிட்டது. "அக்கா, மாமாவை முந்துங்க அக்கா!" என்று ஒருத்தி கத்த, எல்லோரும் கத்தத் தொடங்கினார்கள். நேர் ரோட்டில், எதிரே ஒன்றும் இல்லாத இடத்தில், பொற்கொடி முந்தினாள். முந்தும்போது எட்டிப் பார்த்தாள். சாமுவேல் வாயெல்லாம் பல்லாக இருந்தான். அவன் வண்டிக்குள்ளும் அதே கூச்சல். ஸ்டாண்டில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் மனுஷன் இப்படி ஒரு முகத்தோடு ஓட்டி அவள் பார்த்ததே இல்லை.

குன்னத்தூரை நெருங்கும்போது பின்னால் ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது. கண்ணாடியில் பார்த்தாள். பெரிய வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. பஞ்சர்.

பொற்கொடி ரிவர்ஸில் போய் நிறுத்துவதற்குள் யுவஸ்ரீ குதித்து ஓடிவிட்டாள். ஸ்டெப்னி டயரை இரண்டு பேர் உருட்டிக்கொண்டு வந்தார்கள். சாமுவேல் ஜாக்கியை வைத்துத் திருகத் தொடங்கினான். அது பாதியில் சிக்கிக்கொண்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"தள்ளுங்க அண்ணா" என்றாள் யுவஸ்ரீ. "எல்லாரும் வாங்கடி! கீழ குந்திப் பிடிங்க! நிமுந்தாப் போதும்!"

ஏழு பேர் வண்டியின் ஓரத்தைப் பிடித்தார்கள். மாசாணியம்மாள் "ஒண்ணு... ரெண்டு..." என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி எழும்பியது! சக்கரம் தரையை விட்டது. சாமுவேல் ஒரு நொடி வாயைப் பிளந்து நின்றான்.

"பாத்துட்டு நிக்காதீங்க! மாட்டுங்க!" என்று பொற்கொடி கத்தினாள். இரண்டு பேரும் ஒரு கல்லை அடியில் தள்ளி, டயரைக் கழற்றி, புதியதை மாட்டி, போல்ட்டை இறுக்கினார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து ஒரு வண்டி வேலை செய்தது அதுதான் முதல் முறை. அவன் கையை நீட்டினால் ஸ்பானர் வந்தது. அவள் பார்த்தால் அவன் நகர்ந்தான். 

கோபிக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் பச்சை வயலும் வாழையும். அதைப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. மைதானத்து மைக் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது.

"வால்பாறை அணி... கடைசி அழைப்பு... வால்பாறை அணி..."

வண்டி நிற்பதற்குள் கதவுகள் திறந்துவிட்டன. மாசாணியம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "வந்துட்டோமுங்க! வந்துட்டோம்! எழுதிப்போடாதீங்க!" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். பின்னாலேயே பத்து நீல ஜெர்சிகள். நடுவர் மேசையில் பேனாவை மூடி வைத்தார். எதிரணிப் பெண்கள் அப்போதுதான் வெற்றி என்று கைகொடுத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். நடுவர் சிரித்துக்கொண்டே அவர்களைத் திரும்பக் கோட்டுக்குப் போகச் சொன்னார்.

வண்டியைப் பூட்டிவிட்டு பொற்கொடியும் சாமுவேலும் உள்ளே போனார்கள். போக வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் போகாமல் இருக்க முடியவில்லை.

முதல் பாதி மோசம். உடம்பு சூடேறாமல் நேராக வண்டியிலிருந்து இறங்கிய பெண்கள். ரெய்டு போனவள் எல்லாம் பிடிபட்டாள். ஒருமுறை மொத்த அணியும் வெளியே போனது. இடைவேளையில் மாசாணியம்மாள் திட்டவில்லை. தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே ஒன்றுதான் சொன்னாள்: "ஏண்டி, கொஞ்ச முன்ன ஒரு வண்டியவே தூக்கினீங்க. ஒரு புள்ளயத் தூக்க முடியலையா?"

பத்துப் பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு இறங்கியவர்கள் வேறு ஆட்கள்.

யுவஸ்ரீ மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள், ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். மறுபடி போனாள், இருவர். எதிரணியின் பெரிய ஆட்டக்காரியை இரண்டு பேர் காலையும் இடுப்பையும் பிடித்து அப்படியே தூக்கிக் கோட்டுக்கு இந்தப் பக்கமே வைத்தார்கள். கூட்டம் எழுந்துவிட்டது. பொற்கொடி நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள். தொண்டை கட்டிக்கொண்டது. "பிடி! பிடி! உடாத!" பக்கத்தில் ஸ்டாண்டு டிரைவர் சாமுவேல், தோளில் கிடந்த துண்டைச் சுழற்றிக்கொண்டு நின்றான்.

கடைசி ரெய்டு. புள்ளிகள் சமம். யுவஸ்ரீ உள்ளே போனாள். மூன்று பேர் சங்கிலியாகக் கை கோர்த்து வளைத்தார்கள். அவள் கால் பிடிபட்டது. விழுந்தாள். விழுந்தபடியே இடுப்பைத் திருப்பி, கையை நீட்டினாள், இன்னும் நீட்டினாள், விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டது.

விசில்.

பொற்கொடி நாற்காலியிலிருந்து குதித்தது யார் மேல் என்று அவளுக்கே தெரியாது. சாமுவேல் மேல்தான். அவன் அவளைத் தூக்கிச் சுற்றினான், அத்தனை பேர் மத்தியில். வீட்டில்கூட அப்படிச் செய்ததில்லை.

அன்று சாயங்காலம் அரை இறுதியில் அவர்கள் தோற்றுப்போனார்கள். ஈரோட்டு அணி மிகவும் பலமானது. ஆனால் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜெயித்து ஒரு வெண்கலக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எஸ்டேட்டுக்கு வந்த முதல் கோப்பை அது. வாடகையைக் கொடுத்துவிட்டு, "போட்டா எடுக்கலாம் வாங்க" என்று மாசாணியம்மாள் டிரைவர்கள் இருவரையும் நடுவில் நிறுத்தினாள்.

அப்போதுதான் வேறொன்று நடந்தது. திருச்சியிலிருந்து வந்திருந்த ஒரு அணியின் மேனேஜர், ஹாரிகா என்ற இளம்பெண், பொற்கொடியிடம் வந்தாள். "நீங்கதான் டிரைவரா? அடுத்த மாசம் கோயம்புத்தூர்ல எங்களுக்கு மேட்ச் இருக்குங்க. பொண்ணுங்கள ராத்திரி பகல்னு கூட்டிட்டுப் போக லேடி டிரைவர் கெடைப்பாங்களான்னு ரொம்ப நாளாத் தேடறோம். உங்க நம்பர் கெடைக்குமா?" ஹாரிகாவைப் பார்த்து இன்னும் இரண்டு அணிக்காரர்கள் போனை நீட்டினார்கள்.

பொற்கொடி நம்பரைச் சொன்னாள். ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இதுவரை எந்தச் சவாரிக்காரருக்கும் அவள் நம்பர் தெரியாது. ஆப்பு அதை மறைத்துத்தான் காட்டும். இத்தனை வருஷம் கோயம்புத்தூர் முழுக்க ஓட்டியும், அவளை மறுபடி வேண்டும் என்று கேட்க யாருக்கும் வழியில்லாமல் இருந்தது.

"உங்களை மாதிரி எனக்கும் பார்ட்டி கெடைச்சிருச்சுங்க" என்றாள் சாமுவேலிடம்.

"கெடைச்சுது. ஒரு வண்டி போதாதாட்ட இருக்குதே?" என்றான் அவன். "பெரிய வண்டி வேணும்னா சொல்லு. ரேட்டு நீயே பேசிக்கோ. எனக்குப் பாத்துக் குடு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

திங்கட்கிழமை சாமுவேல் ஸ்டாண்டில் கதையை ஆரம்பம் முதல் சொன்னான். பெண்கள் வண்டியைத் தூக்கிய இடத்தில் யாரும் நம்பவில்லை. போட்டோவைக் காட்டினான். பிறகு, யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னான்: "அன்னிக்கு அவ இங்க சேரோணும்னு கேட்டப்ப நான் பேசாம நின்னேன். இப்பப் பேசறேன். பெரிய பார்ட்டி வந்து ரெண்டு மூணு வண்டி வேணும்னா அவளுக்கும் போன் போடோணும். முடியாதுன்னா எனக்கும் போடாதீங்க." சங்கத்து ஆட்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் பழனிக்கு ஒரு பெரிய குடும்பம் போனபோது இரண்டாவது வண்டிக்குப் போன் வந்தது பொற்கொடிக்குத்தான்.

அவள் ஆப்பை விடவில்லை. கூட்டம் இல்லாத நாட்களில் அது கூவத்தான் செய்கிறது, அவளும் போகத்தான் செய்கிறாள். ஆனால் மாசாணியம்மாளிடமிருந்து அழைப்பு வந்தால் ஆப்பு அணைந்துவிடும்.

போன வாரம் அப்படித்தான் வந்தது. மாவட்ட அணித் தேர்வுக்கு யுவஸ்ரீயையும் இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறார்கள், மலைக்கு வந்து கூட்டிப்போக முடியுமா என்று. பொற்கொடி மலைப்பாதையில் ஓட்டியதே இல்லை. இருந்தாலும் வாரேனுங்க என்று சொல்லிவிட்டாள். சாமுவேல் லீவு போட்டுக்கொண்டு பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தான்.

ஆழியாறைத் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு. மேலேயிருந்து ஒரு பஸ் மூக்கை நீட்டியது. சாமுவேலின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

"ஹாரன் அடி! ஹாரன்! செகண்டு போடு!"

"போட்டாச்சுங்க! கத்தாம வாங்க!"

பஸ் டிரைவர் பொற்கொடியைப் பார்த்தார், வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து வழி விட்டார். அவள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வளைந்து மேலே ஏறினாள். கீழே அணைத் தண்ணீர் வெயிலில் ஜொலித்தது. அவள் "ஏய்ய்ய்!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கூவினாள். சாமுவேல் ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே சிரித்தான்.

"எத்தனை ஸ்டார் போடுவீங்க?"

"இன்னும் நெறைய வளைவு இருக்குது, முன்னால பாரு!" என்றான்.

அவள் முன்னால் பார்த்து, அடுத்த வளைவுக்கு ஹாரனை அடித்தாள்.